பின்னால் எதுவும் இல்லாத படங்கள்

பிப்ரவரி 11, புதன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

உப்புச் சதுப்பில் மண் கொட்டி நிரப்பப் போகிறார்கள். தடுக்கச் சொல்லி மனு கொடுக்க இன்று பொன்னேரி தாலுகா அலுவலகம் போனோம், நானும் மல்லிகா அக்காவும். அந்தச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் பிடிப்பவர் அவர். எந்தப் பக்கம் பறவை மேய்கிறது என்று, படமெடுக்கப் போகும் எனக்கு ஆறு வருடமாகக் காட்டியவரும் அவர்தான்.

"அது வெறும் பொட்டல், பறவை எதுவும் வர்றதில்லைன்னு ரிப்போர்ட்ல இருக்கு" என்றார் அதிகாரி. இதற்குத்தானே வந்தேன் என்று படங்களை மேசையில் பரப்பினேன். உள்ளான், பவளக்காலி, அரிவாள் மூக்கன். இறகு இறகாக எண்ணலாம்.

"படம் சூப்பரா இருக்கு சார். ஆனா இங்கதான் எடுத்ததுன்னு எப்படி நம்புறது? எங்க வேணா எடுத்திருக்கலாமே."

எல்லாப் படத்திலும் பின்னால் வெறும் பச்சை மங்கல். சதுப்பை ஒட்டி நிற்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி படத்தில் விழுந்தால் அழகு கெடுமென்று, அது மறையும் கோணத்துக்காக மணிக்கணக்கில் சேற்றில் படுத்துக் கிடந்தவன் நான். திங்கட்கிழமை லாரி வருமாம்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "இன்னா தம்பி, இத்தினி வருசமா படம் புட்ச்சிக்கினு கெடந்தியே, ஒண்ணுத்துலகூடவா நான் இல்ல?"

இல்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் சொன்னேன், "அக்கா, ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் நகருங்க" என்று. இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, அவரும் நகர்ந்துகொண்டே இருந்தார்.