பந்தியில் நின்றுபோன படம்

14.5.2004

அண்ணன் கடையிலிருந்து இன்றும் ஒரு பை நிறைய சிடி. விஜய்ஆனந்த் அண்ணன் திருப்பரங்குன்றத்தில் படங்களை வாடகைக்கு விடுகிறான். கீறி வருவதெல்லாம் என் தலையில். பஞ்சில் துளி பற்பசை தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் போச்சு. கழுவி மாடி ஜன்னலில் சாய்த்து வைத்தால் சுவரெல்லாம் வானவில். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததில் அம்மா கூப்பிட்டதே காதில் விழவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். (அதை அப்படியே எழுத எனக்கு வராது. எழுத உட்கார்ந்தால் எல்லாம் தமிழாகிவிடுகிறது.)

கீறலைப் பார்த்து வீட்டைச் சொல்லிவிடுவேன். மஞ்சள் விரல் பட்டிருந்தால், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுப் படம் பார்த்த வீடு. பொடி மணல் என்றால் டிவியை வாசலுக்குக் கொண்டுவந்த வீடு. இப்படித் தினம் பத்து வீட்டுக்குப் போய் வருகிறேன். ஒருத்தரும் காப்பி தருவதில்லை.

18.5.2004

தரகர் வந்தார். மாப்பிள்ளை பெயர் சாய்குமார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். போட்டோவோடு, அவர் தங்கை கல்யாண சிடியும் வந்தது. அதில் பையன் நன்றாகத் தெரிவான், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

போட்டோம். முகூர்த்தம் வரை ஓடியது. பிறகு பந்தி. நீலச் சட்டை, கையில் சாம்பார் வாளி. யாரோ கூப்பிட்டதுபோல் முகம் பாதி திரும்புகிறது, சிரிக்கப் போகிறார் - அங்கேயே கட்டம் கட்டமாகி நின்றுவிட்டது.

அண்ணன் சிடியை என்னிடம் நீட்டினான். "உன் மாப்பிள்ளைய நீயே தேச்சு எடு."

20.5.2004

இன்றும் வாளியோடு நிற்கிறார்.

23.5.2004

தேய்க்கத் தேய்க்க நாலு கட்டம் தெளிகிறது. இப்போது காது தெரிகிறது. நல்ல காது. யார் கூப்பிட்டிருப்பார்கள்? மத்தியானம் முழுக்க அந்தப் பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன். இலையில் சோறு ஆறுகிறது, சாம்பார் வருவதாயில்லை. ஒரு வார்த்தை பேசியிராத ஆளுக்காக இப்படியா ஒருத்தி காத்திருப்பாள்? ஆனால் பிடித்திருக்கிறது. எழுதியாச்சு, இனி அடிக்க மாட்டேன்.

26.5.2004

வெயிலில் சிடியைச் சாய்த்துப் பார்த்தேன். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். உள்பாதி சுத்தம். பந்தியிலிருந்து மிச்சமெல்லாம் இருக்கிற வெளிப்பாதியில்தான் கோடுகள். குழந்தை கீறினால் கோணல்மாணலாகப் போகும். இது அப்படியில்லை. கூர்மையாக, பக்கம் பக்கமாக, வட்டத்தோடு வளைந்து போகிறது. ஊக்கு. யாரோ ஊக்கை வைத்து நிதானமாக இழுத்திருக்கிறார்கள்.

எதுக்கு? அந்தப் பந்தியில அப்படி என்ன இருக்கு?

2.6.2004

ஓடிவிட்டது.

அவர் சிரித்தார். பிறகு நடந்தார். இடது கால் குட்டை. ஒவ்வொரு அடிக்கும் தோள் இறங்கி ஏறுகிறது, வாளி மட்டும் ஆடவில்லை. ஒரு இலையைத் தாண்டிப் போனவர், சட்டென்று நினைவு வந்து திரும்பிவந்து அந்தப் பெரியவருக்கு ஊற்றினார்.

கால் என்னை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் பொய். செய்தது. கொஞ்ச நேரம் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதைவிட அந்தக் கோடுகள்தான் - எங்களப் பாத்தா எப்படித் தெரியுது? கல்யாணம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா என்ன செஞ்சிரப் போறாங்கன்னுதானே கீறி அனுப்பியிருக்காங்க? அவருக்கும் இதுல பங்கு இருக்கா? அந்தச் சிரிப்பு சிரிக்கிற ஆளுக்கா?

3.6.2004

அம்மாவிடம் சிடி சரியாகவில்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அவர் தன் வாயால் சொன்னால் சரி. மறைத்து உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே அண்ணனிடம் சொல்லி முடித்துவிடுவேன். அழுவேன், ஆனால் முடித்துவிடுவேன்.

6.6.2004

மாடி ஜன்னலில் நின்றேன். அவர் அம்மா கனகலட்சுமி ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட அவர் இல்லை. மாப்பிள்ளையை வாசலிலேயே இறக்கி, நாங்கள் பார்க்குமுன் நாற்காலியில் உட்கார்த்திவிட நினைத்திருப்பார்கள் போல. அவரோ திருநகர் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாராம். வேப்பமர நிழலுக்குள் போய்ப் போய் வெளியே வந்துகொண்டு, தெரு நீளத்துக்கும் நடந்து வந்தார். அந்த நடை எனக்கு முன்பே பழக்கம். கைதான் வெறுமையாக இருந்தது. வாளியைக் காணோமே என்று தோன்றியது, அசட்டுத்தனமாக.

அம்மா அவர் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். காப்பியை எடுத்தவுடன் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சிடி நல்லா ஓடுச்சா? நான்தான் அதக் குடுக்கச் சொன்னேன். போட்டோல நிக்கிறதுதான் தெரியும். நடக்கிறது அதுலதான் இருக்கு."

அவர் அம்மா தலை குனிந்தார். வளையலில் கொத்தாக ஊக்குகள் தொங்கின. அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனை வீட்டில் காப்பி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்?

"நல்லா ஓடுச்சுங்க," என்றேன். "கடைசி வரைக்கும் பாத்தேன்."

அடுப்படியில் அம்மா என் கையைப் பிடித்து, தெரிந்தே சொல்கிறாயா என்றாள். தெரிந்துதான் என்றேன். அம்மா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பலகாரத் தட்டை எடுத்துப் போனாள்.

7.6.2004

சரி என்று சொல்லியனுப்பியாச்சு. ஆடி வருவதற்குள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம்.

12.1.2005

அண்ணன் இங்கேயும் ஒரு பை சிடி அனுப்பிவிட்டான். மத்தியானம் துடைத்துக்கொண்டிருந்தேன். சாய் கடைக்குப் போயிருந்தார். முன்னறையில் அத்தை எங்கள் கல்யாண சிடியைப் போட்டிருந்தார். இது தினமும் நடப்பதுதான். இன்றுதான் எட்டிப் பார்த்தேன்.

மண்டப வாசலிலிருந்து மணமேடை வரை சாய் மாலையோடு நடந்து வருகிறார், தோள் இறங்கி ஏறி. மேடைக்கு வந்ததும் அத்தை, ஊக்குகள் தொங்கும் அந்தக் கையால் ரிமோட்டை அமுக்கிப் படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடி நடக்கவிட்டுப் பார்த்தார். திரும்பவும் பின்னால் ஓட்டினார்.