அத்தான் காய்ச்சிய பால்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, கூச்சம் இல்லை. கூச்சப்படுகிறவள் கடையில் மீதிச் சில்லறை கேட்க மாட்டாள்; நான் கேட்பேன். பேருந்தில் சன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுவேன். ஒரு அறையில் நாற்பது முகங்கள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பும்போது மட்டும் தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. அதற்கு என்ன பெயர்? ஆறு வருடம் தத்துவம் படித்தும் தெரியவில்லை.

போன ஆகஸ்டில் நடந்தது இவ்வளவுதான். கல்லூரியில் நான் எடுக்க வேண்டிய முதல் வகுப்பு. கரும்பலகையில் தலைப்பை எழுதினேன்: 'காரணமும் விளைவும்'. திரும்பினேன். வாய் திறக்கவில்லை. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்து, பேருந்து பிடித்து, அக்காவின் மாட்டுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரம் இருப்பதாகச் சொல்லி வந்தவள். அப்போது சினையாக இருந்த மகாராணி என்கிற மாடு இதற்குள் கன்றும் போட்டுவிட்டது.

துறைத் தலைவி அவ்வப்போது போன் செய்கிறார். "உன் எடத்துல இன்னும் யாரையும் போடல. ஜூன்ல வரியா, இல்லையா?" யோசிக்கிறேன் மேடம் என்கிறேன். யோசிப்பதில்லை. சீஸ் செய்கிறேன். ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பால் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் 4, புதன்

சாப்பிடும்போது அக்கா ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை அக்கம்பக்கத்து ஆளுங்களக் கூப்பிட்டிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வருவாங்க. பெரியவங்க கூட்டாஞ்சோறுன்னு வெச்சுக்கயேன்."

"நல்லதுதானே."

"நீ அவங்களுக்குச் சீஸ் செய்யச் சொல்லிக்குடுக்கிற."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. கேட்டா முடியாதும்ப."

அத்தான் தட்டைப் பார்த்தபடியே, "சீஸ் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். யார் பக்கம் என்று யாருக்கும் பிடிபடாமல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"எத்தனை பேரு?"

"பதினஞ்சு இருக்கும்."

"பதினஞ்சா?"

"நாப்பது இல்லல்ல."

ஆக, அவளுக்குத் தெரியும். நான் அவளிடம் சொன்னதே இல்லை. எண் உட்படத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

முடியாது என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லவும் வாய் வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

பாடத்தை ஒரு காகிதத்தில் முழுக்க எழுதிவிட்டேன். காய்ச்சாத பாலில் தொடக்கம். விரல் பொறுக்கும் சூடு. பிறகு ரென்னட் — பாலை உறைய வைக்கிற சொட்டு மருந்து. ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. கட்டியானதும் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்ட வேண்டும். 'இப்போது சிரிக்கலாம்' என்று இரண்டு இடங்களில் அடைப்புக்குறிக்குள் எழுதினேன். பிறகு அடித்தேன்.

மகாராணி முன்னால் ஒத்திகை. பாதியில் எழுந்து போய்விட்டது.

மார்ச் 7, சனி

அந்தக் காகிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பதை அத்தான் பார்த்துவிட்டார்.

"பால் கெட்டுடக் கூடாது அத்தான். அது போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றேன். என்னவாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது.

"நீ கவலப்படாத. பாலை நான் பாத்துக்கறேன்."

நல்ல மனிதர்.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல மனிதர்தான். அதுதான் பிரச்சினை.

குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். இரண்டு பெரிய பாத்திரங்கள். இரண்டின் மேலும் ஆடை படிந்திருந்தது, மஞ்சளாக, தடியாக. கொஞ்ச நேரம் அந்த ஆடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான்?"

"பச்சப் பாலா அப்படியே கெடந்துச்சும்மா. வெயில் வேற ஏறுது. மனசு கேக்கல. ஒரு சொட்டு பொங்கவிடாம நின்னு காய்ச்சிட்டேன்." முகம் முழுக்கப் பெருமை. தினமும் நான் சீஸ் செய்கிற நேரத்தில் அவர் பால் வண்டியோடு ஊருக்குள் போயிருப்பார். அவருக்கு எப்படித் தெரியும்? காய்ச்சாத பால்தான் வேண்டும் என்று இந்த வீட்டில் யார் சொன்னார்கள்? காகிதத்தில் இருந்தது. மகாராணிக்கும் தெரியும்.

மீதிப் பால் எல்லாம், இன்றைக்கு மட்டும் வேலையாள் ஓட்டிய வண்டியில் போய்விட்டது. சாயங்காலம்தான் அடுத்த கறவை.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க" என்று அக்கா போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி துள்ளி எழுந்தது. அதற்குள் வாசல் கேட் திறக்கிற ஓசை.

முதலில் கால்நடை டாக்டரம்மா. கையில் ஒரு நீள ரொட்டி. அடுத்து டிராக்டர் மெக்கானிக், ஸ்பானர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவது. கக்கத்தில் பந்து மாதிரி ஒரு உருண்டை ரொட்டி. அவருக்குப் பின்னால் ரொட்டி. அதற்குப் பின்னாலும் ரொட்டி. மேஜையில் பதினொன்று சேர்ந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, யாருமே வேற ஒண்ணும் செய்யலயா?"

"சீஸ் உண்டுன்னு நீதானே சேதி அனுப்பின" என்றார் டாக்டரம்மா. "சீஸுக்கு ரொட்டிதானே."

கடைசியாக பேக்கரிக்காரம்மா வந்தார். வெறுங்கை.

"என்னக்கா, ஒண்ணும் எடுத்துட்டு வரலயா?"

"மேஜை பூரா நான் செஞ்சதுதானே" என்றார். "காலைல ஆளாளுக்கு வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"எல்லாரும் ரொட்டியே வாங்குறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாவாரத்த நானே கெடுத்துக்கவா?"

ஆக, பதினொரு ரொட்டி. அதோடு சாப்பிட ஒன்றுமில்லை, என் சீஸைத் தவிர. அதுவும் இல்லை.

கொட்டகையில் பெஞ்சுகள். அடுப்பு. இரண்டு பாத்திரங்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள், என் பக்கம் திரும்பினார்கள். காகிதத்தை விரித்தேன். முதல் வரி: 'காய்ச்சாத பாலை எடுத்துக்கொள்ளுங்கள்.' கதவு சாத்திக்கொண்டது. அதே கதவு. பின்னால் வெளியே போகிற வழி இருந்தது. அதன் அகலம்கூட எனக்குத் தெரிந்தது.

அப்போது கடைசி பெஞ்சில் அத்தான் எழுந்தார். எதையோ ஒப்புக்கொள்ளப் போகிறவர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாகி நின்றது — தாங்கவில்லை.

"இது உறையாது" என்றேன். என் குரல்தான்.

"ஏன்?" என்றார் ஸ்பானர். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

"பாருங்க."

ஒரு பாத்திரத்துப் பாலில் ரென்னட் சொட்டுகளை விட்டேன். பதினைந்து பேரும் குனிந்தார்கள். எழுதி வைக்க வேண்டியது இதைத்தான்: என்னை யாரும் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். பாலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள்.

சொன்னேன்: ரென்னட் ஒரு சின்னக் கத்தி. பாலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது வெட்டினால்தான் பால் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு கட்டியாகும். கொதிக்கும்போது வேறு சத்து வந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. கத்தி இருக்கிறது, வெட்ட இடம் இல்லை.

"துருப்பிடிச்ச நட்டு மாதிரி" என்றார் ஸ்பானர். "ஸ்பானர் சரியாத்தான் இருக்கும். பிடிமானம் இருக்காது."

"அதேதான்."

"அப்ப இத்தனை பாலும் வீணா?" பேக்கரிக்காரம்மா.

"இல்ல. கத்திக்குத்தான் அடங்காது. புளிப்புக்கு அடங்கும்."

கொல்லையில் எலுமிச்சை மரம் இருக்கிறது. "அத்தான், ஒரு கூடை பறிச்சுட்டு வாங்க" என்றேன். ஓடினார். நடந்து போகவில்லை, ஓடினார். இரண்டாவது பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிப் பொங்கி வரும் நேரத்தில் நிறுத்தினேன். அவரையே பிழியச் சொன்னேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பால் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளைக் கட்டிகள் மேலே, பச்சை நிறத் தண்ணீர் கீழே.

பேக்கரிக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இது பால் திரிஞ்சதுடி. எங்க வீட்டுல இப்படி ஆனா, பாலை வெச்சவனத் திட்டித் தீர்ப்போம். நீ பாடம் நடத்துற."

"திட்டுறதுக்கு முன்னாடி வடிகட்டிடணும்க்கா. அவ்வளவுதான் வித்தியாசம்."

சிரித்தார்கள். காகிதத்தில் இல்லாத இடத்தில்.

துணியில் வடித்து, உப்பும் பொடித்த மிளகும் கலந்து, முடிச்சுப் போட்டு, மேலே அக்காவின் இரும்புச் சட்டியை ஏற்றினோம். பதினொரு ரொட்டிக்கும் போதுமானதாக இருந்தது. மென்மை, கொஞ்சம் புளிப்பு. அத்தான்தான் துண்டு போட்டுப் பரிமாறினார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

சாப்பிட்டு முடித்தபின் டாக்டரம்மா முதல் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். பால் பாலாகவே இருந்தது. "அட, சொன்ன மாதிரியே உறையல" என்றார். நான் ஏதோ ஜெயித்துவிட்டதுபோல எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அந்த உறையிற சீஸு எப்ப?"

"அடுத்த மாசம்."

நானா சொன்னேன்?

பாத்திரம் துலக்கும்போது அக்கா சொன்னாள்: "எவ்வளவு நேரம் பேசினன்னு தெரியுமாடி?"

"தெரியல."

"நடுவுல ரெண்டு தடவ தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அதுகூடத் தெரியல உனக்கு."

மார்ச் 9, திங்கள்

காலை ரொட்டி. மதியம் ரொட்டி.

தொண்டை கட்டிக்கொண்டது. பேசிப் பேசி. இதுவரை பேசாமல்தான் கட்டியிருக்கிறது.

அத்தான் இரண்டு நாளாக... இல்லை, நேற்றிலிருந்துதான், என்னைக் கண்டால் மாட்டுக்கொட்டகைக்குள் நழுவுகிறார். பிடித்து நிறுத்தினேன்.

"எம்மேல கோவமாம்மா?"

"நீங்க காய்ச்சலன்னா நான் காகிதத்தப் படிச்சிருப்பேன் அத்தான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த ரொட்டியைக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்தார். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மார்ச் 16, திங்கள்

துறைத் தலைவி. அதே கேள்வி.

"வரேன் மேடம்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை. "என்ன எடுக்கப் போற?"

"விட்ட எடத்துலேருந்து."

ஜூன் 15, திங்கள்

தலைப்பை எழுதினேன். திரும்பினேன்.

நாற்பது இருக்கும். கதவு இருந்த இடத்திலேயே இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. சாத்தவும் ஆரம்பித்தது. பையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தேன். ப்ளாஸ்கைத் திறந்து சூடான பாலை ஊற்றினேன். அத்தனை முகங்களும் டம்ளருக்குப் போயின. அரை எலுமிச்சையைப் பிழிந்தேன்.

"திரிஞ்சிடுச்சு மேடம்" என்றாள் முன்வரிசைப் பெண்.

"ஏன்?"

"எலுமிச்சை பிழிஞ்சீங்க."

"எலுமிச்சைதான் காரணம்னு எப்படித் தெரியும்?"

"பாத்தோமே" என்றது பின்வரிசை.

"பிழிஞ்சதப் பாத்தீங்க. திரிஞ்சதப் பாத்தீங்க. நடுவுல என்ன பாத்தீங்க?"

முன்வரிசைப் பெண் குனிந்து டம்ளரைப் பார்த்தாள். பிறகு நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

மணி அடித்த பிறகு டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தேன். அக்காவுக்குப் போன் செய்து, அத்தானிடம் கொடுக்கச் சொன்னேன்.