கையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு

அம்மா, இன்று காலையும் வீடெல்லாம் வாட்டிய பாண் கருகிய மணம். தங்கச்சி வசந்தி தன் மகளுக்குப் பள்ளிச் சாப்பாடு செய்கிறாள். நான் மேசையருகே தேநீரோடு இருக்கிறேன்; எழும்பவில்லை. பென்ரோஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வந்தவளுக்கு இது சுகந்தானே என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே எதுவும் மெதுவாகத்தான் விளங்கும். எழுத்தும் இலக்கமும் கடைசிவரை பிடிபடவில்லை. தொண்ணூற்றிரண்டில் அவளுக்குக் குழந்தை பிறந்த கையோடு, இவளால் பிள்ளை வளர்க்க முடியுமா என்று பார்க்க இந்த நாட்டு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நீங்கள் அவருக்கு வடை கொடுத்து, "அவளுக்கு ஒண்டும் தெரியாது, பாவம். எல்லாம் நான்தான் செய்யிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றீர்கள். நம் ஆட்களிடம் இதைவிடப் பெரிய உறுதிமொழி கிடையாது. அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகம் மாறியது. தாயால் ஒன்றும் முடியாதென்றால் குழந்தையை வேறு குடும்பத்திடம் விடுவது பற்றி யோசிக்க வேண்டும், அடுத்த மாதம் மறுபடி வருகிறேன் என்றார். வடையை மட்டும் மிச்சம் வைக்காமல் போனார்.

அந்த மாதம் முழுதும் வீட்டில் சண்டை; எல்லாவற்றையும் வசந்தியே செய்ய வேண்டும், நீங்கள் கைவைக்கக் கூடாது என்று நான் நின்றேன். தண்ணீர் அளவு தெரியப் பால் போத்தலில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டேன். வசந்தி பழகிவிட்டாள். பழகாதது நீங்கள்தான். பிள்ளை சிணுங்கினாலே ஓடுவீர்கள்.

"பெத்த மனம் கேக்குதில்லையடி."

"நானும் பெத்தனான்தானே அம்மா" என்றாள் வசந்தி.

அந்தப் பெண் திரும்பி வந்த அன்று பிள்ளை வீரிட்டு அழுதது. வசந்தி கோட்டைப் பார்த்துத் தண்ணீர் விட்டாள், சிந்தினாள், திரும்பவும் விட்டாள், மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தாள். நீங்கள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தீர்கள். கண்ணீர் ஓடியது, எழும்பவில்லை. பிள்ளையை வசந்தியிடமே விட்டுவிட்டுப் போனார் அந்தப் பெண்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபின் கையை அடக்குவது என் முறை. அலுத்துப்போகிறது, அம்மா. நானே செய்தால் ஐந்து நிமிடம். பார்த்துக்கொண்டிருந்தால் அரை நாள்.

நேற்றுப் பூங்காவில் வசந்தியின் மகள் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் நான், கையை நீட்டினேன். அவள் "மம்!" என்று தாயைக் கூப்பிட்டு அழுதபடி என்னைத் தாண்டி, தூரத்து வாங்கில் இருந்த வசந்தியிடம் ஓடினாள். இதற்காகத்தானே இத்தனை பாடும். ஆனாலும் எனக்கு நொந்தது. உங்களுக்கும் இப்படித்தான் நொந்ததா, அம்மா?