நான் இட்டுக்கட்டிய உதை

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று பதினோரு லென்ஸ் வெட்டினேன். ஒன்றை ஓரம் சிதறவிட்டேன். காரணம் மச்சான், என் மனைவியின் தம்பி. மதிய இடைவேளையில் அவனுடைய புது வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். பழைய சண்டை வீடியோ கேம்களின் பலமும் பலவீனமும். "நாலே பட்டன்தாங்க. அதனால தோத்தா கையைக் குறை சொல்ல முடியாது, புத்தியைத்தான் சொல்லணும்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறான். என் வரி! பேச்சுத் தமிழுக்கு மாற்றியது மட்டும் அவன் உழைப்பு. கீழே நானூறு பேர் புகழ்ந்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

மார்ச் 5, வியாழன்

போனில் கேட்டேவிட்டேன். "என்ன மாமா, நம்ம ரெண்டு பேர் குறிப்புதானே? உங்களுக்குத்தான் கேமரான்னாலே ஆகாதே" என்று சிரிக்கிறான். கேம்களைப் பற்றி நான் எழுதிய குறிப்புகளை இணையத்தில் இருவருக்கும் பொதுவாக வைத்தது என் முட்டாள்தனம். அதில் அவன் எழுதியது ஒரு வரி கிடையாது. என் பெயரை ஒரே ஒரு தடவை சொல் என்றேன். "அடுத்ததுல சொல்றேன் மாமா." இது ஏழாவது அடுத்தது.

மார்ச் 8, ஞாயிறு

"சின்னப் பசங்க விளையாட்டுக்காங்க இப்படிக் கறுவுறீங்க?" என்கிறாள் மனைவி. தம்பியை விட்டுக்கொடுக்கமாட்டாள்.

விளையாட்டா? ஆறு வீரர்கள் மோதும் அந்த ஒரு கேமுக்கு மட்டும் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். கொக்குக்காரி என்று நான் பெயர் வைத்த ஒற்றைக்கால் சண்டைக்காரியின் உதை எவ்வளவு தூரம் எட்டும் என்று திரையில் ஸ்கேல் வைத்து அளந்தவன் நான். நூறு தடவை உதைத்தாலும் அதே தூரம், அதே கனம். அது பலம். கம்ப்யூட்டர் எதிராளி நம் விரல் பட்டனைத் தொட்டதுமே தடுத்துவிடும், அது அழுகுணி ஆட்டம். மூலையில் மாட்டினால் மல்லன் என்ற இன்னொரு வீரனின் தாழ்ந்த உதையிலிருந்து மீட்சியே இல்லை. புது கேம் என்றால் அடுத்த மாதமே திருத்திவிடுவார்கள். பழசை யார் திருத்துவது? ஆனால் அதனாலேயே ஒரு தடவை கற்றது முப்பது வருடம் கழித்தும் உதவுகிறது. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போனவனைக் கறுவாமல் கொஞ்சுவார்களா?

மார்ச் 10, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது!

இருபத்திரண்டாம் தேதி கணினி மையத்தில் பழைய கேம் கண்காட்சி. மச்சான் மேடையில் ஆடிக் காட்டி விளக்கப்போகிறான். பொதுக் குறிப்பில் புதிதாக ஒன்று சேர்த்தேன்: "மூலையில் மாட்டிய கொக்குக்காரி, நேரம் ஒன்பது வினாடி காட்டும்போது தடுப்பையும் தாவலையும் சேர்த்து அழுத்தினால், மல்லனைத் தாண்டி உதைத்து வெளியே வருவாள். இதுவரை யாருக்கும் தெரியாது."

அப்படி ஒரு மண்ணும் கிடையாது. வீட்டில் ஆடிச் சரிபார்ப்பானோ? என்றைக்குச் சரிபார்த்தான்!

மார்ச் 12, வியாழன்

குறிப்பைத் திறந்திருக்கிறான். காலை 9.40.

மார்ச் 19, வியாழன்

மதியம் சாப்பிட வந்தான். சொல்லியிருக்கலாம். நானே இரண்டாம் தடவை பரிமாறினேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

முன்வரிசையில் இடம் பிடித்தேன். நூறு பேருக்கு மேல். "இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, கொக்குக்காரியை அவனே மூலைக்குக் கொண்டுபோனான். ஒன்பது வினாடி. அழுத்தினான். அவள் நின்ற இடத்திலேயே அடி வாங்கி விழுந்தாள். மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை விசில் பறந்தது. "வீட்டுல போய்ப் பழகிட்டு வாப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

அப்போதுதான் மைக்கை எடுத்தான். "இது நான் கண்டுபிடிச்சதில்லீங்க. எங்க மாமா கண்டுபிடிச்சது." என் முழுப் பெயரையும் சொன்னான். "அவர் எழுதி ஒண்ணுகூடத் தப்பானதில்ல. அதனாலதான் நான் சரிபார்க்கிறதே இல்ல. என் கைதான் வரல."

திரும்ப உட்கார்ந்து ஆடினான். இன்னும் பதினாலு தடவை. எண்ணினேன்.

ஐந்நூறு குறிப்பு எழுதியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றே ஒன்று. அத்தனை பேருக்கு முன்னால் என் பெயர் வந்தது அதற்குத்தான். ஏன்டா, மீதி நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுக்கு உனக்கு வாய் வரலையா?

மார்ச் 23, திங்கள்

கண்ணாடி வாங்க வந்தவர், "நேத்து உங்க பேரைச் சொன்னாங்களே, அந்த உதையை எனக்கும் சொல்லிக் கொடுங்க சார்" என்றார். பவர் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி: "தம்பி காலையிலேர்ந்து அதையேதான் ஆடிக்கிட்டிருக்கானாம். கட்டைவிரல் வீங்கிப்போச்சாம்."

பொதுக் குறிப்பைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடினேன்.

மார்ச் 24, செவ்வாய்

அந்தக் குறிப்புக்குக் கீழே எழுதினேன்: "இது பொய். உன்னை மூக்கறுக்க நான் இட்டுக்கட்டியது." பெயரையும் போட்டேன்.

கால் மணி நேரத்தில் போன். திட்டட்டும் என்று எடுத்தேன்.

"அப்பாடா. என் கைதான் போயிருச்சோன்னு பயந்துட்டேன் மாமா" என்றான்.

வைக்கப்போகும்போது கேட்டான்:

"மீதியெல்லாம் நிஜம்தானே மாமா?"