என் தங்கையின் ‘பை லீடர்’ பொறுப்பு தொடர்பாக

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அக்கா (வயது 18),
லாண்டரிப் பணியாளர்,
தொடக்கப் பள்ளிக்குப் பின்தெரு.

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
தொடக்கக் கல்வி அலுவலகம்.

பொருள்: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை, மற்ற பிள்ளைகள் வெளியே செல்லும் நேரங்களில் எல்லாம் வகுப்பறையிலேயே இருத்தி வைக்கப்படுவது – மாற்றம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தாங்கள் ஐயாவா அம்மாவா என்று அலுவலக வாசலில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பேசியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் எனக்கு இருப்பதால், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

1. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பளபளப்பு. நான் லாண்டரியில் இஸ்திரி போடுகிறேன். பாலியஸ்டர் கலந்த துணியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், உட்காரும் இடம் தேய்ந்து மினுங்க ஆரம்பிக்கும். கடைக்கு வரும் பேண்ட்டைப் பார்த்தே அதற்குரியவர் நின்று வேலை செய்பவரா, உட்கார்ந்து வேலை செய்பவரா என்று சொல்லிவிடலாம். (தங்கள் அலுவலகத்தைக் குறித்து இதை எழுதவில்லை.) குழந்தைகள் துணியில் அது வராது. முட்டியில் கிழியும், ஓரத்தில் தையல் விட்டுப்போகும், மண் ஏறியிருக்கும். தேய்கிற அளவுக்கு அவர்கள் எங்கே உட்காருகிறார்கள்? சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை என் தங்கையின் நீலப் பாவாடையைப் பலகையில் விரித்தபோது பின்பக்கம் கண்ணாடி போல மின்னியது. கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, உன் தங்கச்சி எந்த ஆபீஸ்ல மேனேஜரு?” என்றார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு மனதுக்கு ஏதோ போல இருந்தது.

2. என் தங்கையை வீட்டில் ‘பட்டாணி’ என்று கூப்பிடுவோம். பள்ளியிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வயது எட்டு. பிறவியிலேயே இடது காலில் பலம் குறைவு. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் தாங்கி போட்டு, அதன் மேல் ஷூ போட்டு நடப்பாள். மெதுவாக நடப்பாள், விழுவாள், தானே எழுந்துகொள்வாள். படிப்பில் குறை ஒன்றும் இல்லை. கணக்கில் என்னைவிடக் கெட்டி. அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். அப்பா லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பட்டாணியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான்.

3. அன்று மாலை அவளிடம், “பட்டாணி, ஸ்கூல்ல விளையாடுறப்ப நீ எங்க இருப்ப?” என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள். “நான்தான்கா பை லீடர். எல்லாரும் வெளிய போயிட்டா பையெல்லாம் யாரு பாத்துக்குவா?” என்றாள். காலைக் கூட்டத்துக்கு எல்லோரும் மைதானத்துக்குப் போகும்போது அவள் வகுப்பறையில். விளையாட்டு வகுப்பின்போதும் வகுப்பறையில். தோட்டத்தைப் பார்க்க, நூலகத்தில் புத்தகம் எடுக்க என்று எதற்கு வரிசை கிளம்பினாலும் அவள் வகுப்பறையில். முதல் வகுப்பிலிருந்தே இப்படித்தானாம். அட்டையில் வெட்டிய ஒரு பேட்ஜ்கூட வைத்திருக்கிறாள். “எங்க கிளாஸ்ல இதுவரைக்கும் ஒரு பென்சில்கூடத் திருடு போனதில்ல, தெரியுமா?” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். இதை நான் மறைக்கக் கூடாது.

4. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் எங்கே என்று கேட்டதற்கு, “எடுத்தாங்களே, மைதானத்துல. நான் டியூட்டில இருந்தேன்” என்றாள். முப்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பில் முப்பத்தொரு பேர் படத்தில் இருக்கிறார்கள். அவள் இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது. அவளே வருத்தப்படாத ஒன்றுக்கு நான் வருத்தப்படுவது சரிதானா என்றும் தெரியவில்லை.

5. மறுவாரம் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. வாசலிலேயே கால்மணி நேரம் நின்றேன். வாசல் சுவரில், எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கவும் சேர்ந்து விளையாடவும் உரிமை பெற்றவர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், அன்றுதான் முழுதாக வாசித்தேன். வகுப்பாசிரியை நல்லவர். என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சுவரில் ‘யார் என்ன வேலை’ என்று ஒரு துணிப் பட்டியல் தொங்குகிறது. கரும்பலகை துடைப்பது, தண்ணீர்க் குடத்தை மூடுவது, வரிசைக்குத் தலைவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறிய பை. அதில் பிள்ளைகளின் பெயர் அட்டை. திங்கட்கிழமைதோறும் அட்டைகள் அடுத்த பைக்கு நகரும். பட்டாணியின் அட்டை மட்டும் நகராது. அதை நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். நல்ல தையல். நான் கைவிட்டு இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

6. படத்தைப் பற்றிக் கேட்டதும் ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயையோ, அன்னைக்குப் போட்டோக்காரர் அவசரப்படுத்துனாரு. மறந்தே போச்சும்மா, சத்தியமா” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பிறகு அவரே என்னைத் தலைமை ஆசிரியையிடம் அழைத்துப் போனார். அங்கே, என் தங்கையையும் எல்லோருடனும் வெளியே விடலாமே என்று ஒரே வாக்கியத்தில் கேட்டேன். தலைமை ஆசிரியை பீரோவைத் திறந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். “இது நீங்க எழுதிக் குடுத்ததுதானேம்மா?” என்றார்.

7. அது என் கையால் எழுதியதுதான். பட்டாணி முதல் வகுப்பில் சேர்ந்த மாதம் மைதானத்தில் விழுந்து நெற்றியில் அடிபட்டது. கடைக்குத் தொலைபேசி வந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஓடினேன். அடுத்த வாரமும் விழுந்தாள், அடுத்த வாரமும் ஓடினேன். “இப்படி வாரா வாரம் ஓடுறதுனா ஓட்டப் பந்தயத்துல சேந்துக்கோ, கடை எதுக்கு?” என்றார் அண்ணன். எனக்கு வேலை போய்விடும் என்று பயம். அவள் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்ததும் பயம். அன்றே அம்மா சொல்வதுபோல ஒரு கடிதம் எழுதினேன். அதில் கடைசி வரி இது: “ஆகவே இவளை எங்கும் விடாமல், ஒரே இடத்தில் பத்திரமாக உட்கார வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.” அம்மா அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார். எத்தனை நாளைக்கு என்று நான் எழுதவில்லை. அது எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. பிறகு தொலைபேசி வரவே இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன், ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை.

8. பள்ளியில் நான் கேட்டதை அப்படியே செய்திருக்கிறார்கள். சும்மா உட்கார வைத்தால் பிள்ளையின் மனம் வாடுமே என்று முதல் வகுப்பு ஆசிரியை அவளுக்காகவே ஒரு பதவியை உண்டாக்கி, பேட்ஜும் கொடுத்திருக்கிறார். தலைமை ஆசிரியை சொன்னது: “நான் வேணாம்னா சொல்றேன்? நாளைக்கு விழுந்து அடிபட்டா, எழுதிக் குடுத்தும் ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்க. இதோட நகல் ஆபீசுக்கும் போயிருக்கு. அங்கேருந்து ஒரு வரி எழுத்துல வரட்டும், மொத ஆளா நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.” இன்னும் சில வாரங்களில் வகுப்பு மாறும்போது இந்தத் தாளும் அவளோடு நான்காம் வகுப்புக் கோப்புக்குப் போகும் என்றும் சொன்னார்.

9. எனவே இது யார் மீதான புகார் என்று எனக்கே விளங்கவில்லை. பள்ளியின் மீது எழுத உட்கார்ந்தால் என் கையெழுத்து குறுக்கே வருகிறது. என் மீது எழுதினால் அதைத் தாங்கள் எந்தக் கோப்பில் வைப்பீர்கள் என்று தெரியவில்லை. இன்னொன்றும் குழப்பமாக இருக்கிறது. மைதானத்துக்குப் போகும் உரிமை பட்டாணியுடையது என்றால், அதை நான் எப்படி எழுதிக் கொடுத்தேன்? எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றால் அந்தக் கடிதம் அன்றே செல்லாது. இருக்கிறது என்றால் இந்த மனுவும் செல்ல வேண்டும். இரண்டில் எது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

10. அவளிடமும் கேட்டேன். நான் மனு எழுதப்போவதாகச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. “என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?” என்றாள். விளையாட ஆசை இல்லையா என்றேன். “வெளிய போயி என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாதேக்கா” என்றாள். ஆனால் விளையாட்டு விதிகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். சன்னல் வழியாக மூன்று வருடமாகப் பார்க்கிறாள் அல்லவா. அவள் வகுப்பில் ‘லொடலொட’ என்று ஒரு பெண். எந்நேரமும் வாய் மூடாது. ஓட்டத்தில் சண்டை வந்தால் அவள் சன்னலுக்கு ஓடி வந்து, “பட்டாணி, நீயே சொல்லுடி! நான் கோட்டத் தொட்டேனா இல்லையா?” என்று கேட்பாளாம். பட்டாணி சொல்வதுதான் தீர்ப்பு. அப்படியானால் அவள் விளையாட்டுக்கு உள்ளே இருக்கிறாளா, வெளியே இருக்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது நாள் அவளே வந்து, “அக்கா, வேலைய வாரா வாரம் மாத்திக்கிட்டா நான் வரேன்னு எழுது. ஆனா என் முறை வர்றப்ப யாரும் புடுங்கக் கூடாது” என்றாள். ஆகவே கீழே உள்ளவற்றில் இரண்டாவது கோரிக்கை அவளுடையது.

11. தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது: ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் பெயரில் நான் எழுதிய கடிதத்தை ரத்து செய்து, பட்டாணி காலைக் கூட்டத்துக்கும் விளையாட்டுக்கும் எல்லோருடனும் போகலாம் என்று பள்ளிக்கு ஒரு வரி எழுத்தில் தர வேண்டும். பைகளுக்குக் காவல் இருக்கும் வேலையை வகுப்பில் எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுக்க வேண்டும், அவளுக்கும் அவள் முறை வர வேண்டும். அவள் விழுந்தால், மற்றப் பிள்ளைகள் விழும்போது என்ன செய்வார்களோ அதையே செய்தால் போதும். அதற்காக ஆசிரியைகள் யாரையும் பதில் சொல்ல வைக்க வேண்டாம். அம்மாவும் இதற்குச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். இந்த முறை முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே வாங்கினேன். முடிந்தால், முடிவு செய்வதற்கு முன் பட்டாணியையும் ஒருமுறை கேட்க வேண்டும். அவள் என்னைப் போல இல்லை, நன்றாகப் பேசுவாள்.

12. இதுவரை எழுதி, தாளின் அடியில் அம்மாவின் கையெழுத்தும் வாங்கி முடித்திருந்தேன். நடுவே மீதியிருந்த இடத்தில் இன்று நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். தங்கள் பதில் வரும்வரை என்ன செய்வது என்று தெரியாமல், இன்று விளையாட்டு வகுப்பு நேரத்துக்குப் பள்ளிக்குப் போனேன். அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் பைகளை நான் பார்த்துக்கொள்ளலாமா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். “நான் வெளியதான் நிக்கப்போறேன், அவ பக்கத்துலயே இருப்பேன். இன்னைக்கு மட்டும்தான்” என்றார். பட்டாணி என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து வேலை சொல்லிக் கொடுத்தாள். கடைசி வரிசைப் பைகள் சரியும், யாருடைய தண்ணீர் பாட்டில் ஒழுகும், வேறு வகுப்பிலிருந்து யாராவது வந்தால் பெயர் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். வெளியே லொடலொடவின் குரல், “ஏய், அம்பயரு எறங்கி வந்துட்டாடா!” என்று கேட்டது. அதன் பிறகு ஒரே கூச்சல். அதில் அவள் குரல் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சன்னல் எனக்கு நான்கு அடி தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. கடைசி வரிசையில் ஒரு பை சரிந்தது, நிமிர்த்தி வைத்தேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(கையெழுத்து)
மாணவியின் அக்கா

(கையெழுத்து)
மாணவியின் அம்மா

நாள்: மார்ச் 12, புதன்கிழமை
இடம்: மூன்றாம் வகுப்பு அறை