மறுகா திருத்தலாம்

இன்று காலை எழுந்ததும், தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே, ஒரு தேசிக்காயை வெட்டி உப்பில் தொட்டு விரல்களைத் தேய்த்தேன். நேற்று நான் வேலை செய்யும் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் பட்ட ஊதா மை, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. தேசிக்காய் வைத்தியம், ஒரே மேசையில் வேலை செய்த நாட்களில் நீ காட்டித் தந்தது. அந்தப் புளி மணம் மூக்கில் ஏறியதும் நீ என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிட்டாய்.

நேற்று ஒரு தாய் வந்திருந்தார். போர் முடிந்து ஒரு வருடமாகிறது, மகன் எங்கே என்று அவருக்குத் தெரியாது. இறந்துவிட்டான் என்று பதிந்தால் ஏதோ உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படிவத்தை நிரப்பி, அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன். தாளுக்குக் கொண்டுபோகும்போது கையை இழுத்துக்கொண்டார்.

"இதுல விரல் வெச்சா எண்ட மகன் செத்தவனா புள்ள?"

"இப்போதைக்கு வைங்க அம்மா. அவர் வந்தா மறுகா திருத்தலாம்."

வைத்தார். அந்தப் படிவம் மேலே போனபின் அவனை ஒருவரும் தேடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நம் ஊரில் மறுகா என்றால் பிறகு. மறுகா என்றால் திரும்பவும். அந்த மேசையிலிருந்து நீயும் நானும் எத்தனை பேரிடம் "மறுகா வாங்க" என்று சொல்லியிருப்போம்! நாம் பிறகு என்று சொன்னோம். அவர்கள் திரும்பவும் வந்தார்கள்.

கடல் வந்த அந்த மார்கழியில், மாங்கேணியில் மாமி வீட்டுக்குப் போயிருந்த உன் கணவரும் மகனும் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் நீ வேலைக்கு வந்தாய். இறந்தவர்களின் பதிவேட்டை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றேன். "எண்ட எழுத்துத்தான் எல்லாருக்கும் விளங்கும்" என்று வாங்கிக்கொண்டாய். மகனின் பெயருக்கு நேரே வயது ஏழு என்று எழுதினாய். தையில்தான் அவனுக்கு ஏழு. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"கிடக்கட்டும் கா. ஒரு மாசம் கூட இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பிழை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த ஆவணியில் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தாய். கரடியனாற்றில் உன் தகப்பனின் இரண்டு ஏக்கர் வயல், வட்டை என்கிற அந்த வயல்வெளியின் கடைசித் துண்டு, விதைப்பாரில்லாமல் கிடந்தது. நமக்கு மேலே இருந்த பிரதம இலிகிதர் கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார்.

"பென்சன் உள்ள வேலைய விட்டுட்டு வெள்ளாமை செய்யப் போறீங்களோ? பேனை புடிச்ச கையால மம்பட்டி புடிக்கேலுமோ?"

"பேனை புடிச்சித்தான் சேர் இந்தக் கை காய்ச்சுப் போச்சு. மம்பட்டி என்ன செய்யப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தண்ணீர்க் குழாயடியில் உன்னை மறித்து ஏசினேன். "இதுல இருந்தா செத்த ஆக்கள எழுதி எழுதியே நான் செத்துருவன் கா" என்றாய்.

முதல் வெள்ளாமையை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்த முறை கதிர் முற்றும் நேரத்தில் ஷெல் விழத் தொடங்கியது. அகதி முகாமில் உன்னைத் தேடிப் தின்னப் பாணும் குளிக்கச் சவர்க்காரமும் கொண்டு வந்தேன். நீ என்னைப் பிடித்து அழுவாய் என்று நினைத்திருந்தேன். நீயோ என் பேனையை வாங்கி, என்னைத் திருப்பி நிறுத்தி, என் முதுகில் தாளை வைத்து விதைநெல் கேட்டு ஒரு கடிதம் எழுதினாய்.

"மறுகா விதைக்கப் போறியா? உனக்கென்ன விசரா?"

"ஓம். ஆடாம நில்லு."

"என்ன நம்பிக்கையில?"

"நம்பிக்கை எங்க கா இருக்கு? விதைச்சா, அஞ்சாம் நாள் முளைச்சிட்டா எண்டு பார்க்கப் போகணும். அந்தப் பார்க்கப் போறது போதும் எனக்கு."

ஒரே ஒரு போகம் உனக்கு விளைந்தது. அதற்கடுத்ததில், சேற்றில் நின்ற காலோடு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ மஞ்சளாகிக் கிடந்தபோது தெருவில் வெடி கொளுத்தினார்கள். என்ன சத்தம் என்று கேட்டாய்.

"சண்டை முடிஞ்சிட்டாம்."

"ஆருக்கு?"

அந்தக் கட்டிலை விட்டு நீ எழும்பவில்லை. செத்தவீட்டில், "வேலைய விடாம இருந்திருந்தா உசிரோட இருந்திருப்பா" என்று கந்தோர் ஆட்கள் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். உன் துணிவை யாராவது மெச்சினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. என்னிடம் துணிவு எப்போதும் இருந்ததில்லை. நல்லது நடக்கும் என்று நம்பாமலே நாளைய வேலையைத் தொடங்கலாம் என்பதை மட்டும் உன்னிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

கந்தோர் வாசலுக்கு எதிரே வாகை மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரை உனக்குத் தெரியும். அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் இந்தத் தாய்மாரின் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். யாருக்கு, எப்படி எழுதினால் தாள்கள் கட்டிய ஒரு கோவை மூடப்படாமல் கிடக்கும் என்பது, இத்தனை வருடம் உள்ளே இருந்து கோவைகளை மூடிய எனக்குத் தெரியும். என் மகள் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறாள். பென்சன் போய்விடும். சிரிப்பார்கள்.

ஆனாலும் திங்கட்கிழமை, வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுக்கப் போகிறேன். நான் எழுதும் முதல் மனு, அந்தத் தாயின் கைநாட்டைத் திருப்பிக் கேட்பதாக இருக்கும். என் கணவருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. நேற்று எல்லோரும் போனபின் மரத்தடிக்குப் போய், மனு எழுதுபவருடைய மேசைக்குப் பக்கத்தில் அடி வைத்து அளந்து பார்த்தேன். ஒரு கதிரை போட இடமிருக்கிறது.