இரண்டாவது சுற்று தாங்காது

மார்ச் 3, செவ்வாய்

இஸ்திரி மிஷின் இன்று மறுபடி மக்கர் செய்தது. சூப்பர்வைசர் வந்து தட்டினார், திட்டினார், கடைசியில் ஓர் உதையும் விட்டார். "சார், உதைன்னா இடுப்பைத் திருப்பி விடணும். சம்மட்டி அப்படித்தான் விடுவான்" என்றேன். "யாரும்மா அந்தச் சம்மட்டி?" என்று கேட்டாரே பார்க்கணும்! லாண்டரியே சிரித்தது. சம்மட்டியைத் தெரியாத மனுஷனுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

21ஆம் தேதி சம்மட்டி நம் ஊருக்கு வருகிறான். இத்தனை வருஷமாக டிவிக்குள்ளேயே சண்டை போட்டவன், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஸ்டேடியத்தில், கூண்டுக்குள், நிஜமாக. எதிராளி அந்த நூல்கண்டு. கையைக் காலைச் சுற்றிக்கொண்டு, தரையில் சாய்த்து, கழுத்தை நெரிக்கிற பயல். சம்மட்டி நின்று அடித்தால் ஜெயம். விழுந்தால் சங்குதான்.

கொழுந்தன் டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். "அண்ணி, இந்தத் தடவை நேர்ல. ரத்தம் தெறிச்சா உங்க மூஞ்சியில படணும், அவ்வளவு பக்கத்துல." கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அண்ணன்காரர் சாப்பிட்ட கையோடு குறட்டை விட்டுவிடுவார். நாங்கள் இரண்டு பேரும்தான் டிவி முன்னால். முதலில் குத்துச்சண்டை, அப்புறம் இந்தக் கூண்டுச்சண்டை. எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவனே அவன்தான்.

மார்ச் 6, வெள்ளி

மகள் சோற்றைத் தொடுவதில்லை. வேகவைத்த முட்டை, அதிலும் மஞ்சளைப் பிரித்து அவள் அப்பா தட்டில் போடுகிறாள். உப்பும் வேண்டாமாம். பெரிய பாட்டிலில் தண்ணீரை மட்டும் மாடு மாதிரிக் குடிக்கிறாள்.

"உப்பில்லாம தின்றவளை எந்த மாமியாடி ஏத்துக்குவா?" என்றேன்.

"அந்தம்மாவுக்கும் உப்பில்லாமலே ஆக்கிப் போட்டுடறேன்."

வாய் மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது. பகலில் செல்போன் ரிப்பேர் கடை, சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு. இப்படிக் காய்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? யாராவது பையன் 'குண்டு' என்று சொல்லியிருப்பானோ? அந்தப் பையன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், மிஷினுக்குள் வைத்து மடித்துவிடுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

சோடாபுட்டி கேட்டாள், "சம்மட்டி ஜெயிப்பானாக்கா?" எங்கள் லாண்டரியில் போர்வை மடிப்பவள். கண்ணாடியைக் கழற்றினால் போர்வைக்கும் சூப்பர்வைசருக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு.

"எடை போடுற அன்னைக்குச் சொல்றேன்" என்றேன்.

சண்டைக்கு முதல் நாள் எல்லாரையும் மேடையில் ஏற்றி எடை போடுவார்கள். சொன்ன எடைக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்காக உப்பை விட்டு, சோற்றை விட்டு, கடைசியில் தண்ணீரையும் விட்டு, வேர்வையாகப் பிழிந்து எடுத்துவிடுவார்கள் உடம்பை. சிலர் அளவாகக் காய்வார்கள். சிலர் உயிரையே பிழிந்துவிட்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு மறுநாள் கால் நிற்காது. கன்னத்தையும் உதட்டையும் பார்த்தே நான் சொல்லிவிடுவேன், யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று. பிழிந்த துணிக்கும் கருகின துணிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை காலம் இஸ்திரி போட்டேன்? இதுவரை தப்பினதில்லை. கொழுந்தனே சொல்வான், "அண்ணி வாயில விழுந்தா விழுந்ததுதான்" என்று.

மார்ச் 12, வியாழன்

டிக்கெட் இல்லையாம். தீர்ந்துவிட்டதாம். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அன்றைக்கு அவனால் என்னோடு டிவி பார்க்கக்கூட முடியாதாம், மெக்கானிக் ஷெட்டில் அவசர வேலையாம். இத்தனை வருஷத்தில் ஒரு சண்டைக்குக்கூட என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததில்லை.

"சரிப்பா, போ. நான் சுவரோட பேசிக்கறேன்" என்று சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

மார்ச் 15, ஞாயிறு

ஆகா! கண்டுபிடித்துவிட்டேன்.

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருகிறேன், சமையலறையில் அவர், மகள், கொழுந்தன் மூன்று பேரும் குசுகுசு. என்னைப் பார்த்ததும் சட்டென்று அமைதி. கொழுந்தன் காலி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறான்! இவர் ஜன்னலைப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுச் சுவர்.

டிக்கெட் வாங்கிவிட்டார்கள். எனக்குத்தான். கடைசி நேரத்தில் கொடுத்து அசத்தப் பார்க்கிறார்கள். திருட்டுப் பசங்க! தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

மகள் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம். கதவைத் திறந்தால் லாண்டரி மாதிரி ஆவி. கேட்டால் சளியாம். துவட்டிக்கொள்ள நீலத் துண்டைத் தேடினேன், காணோம். என் கையால் கருகினது என்று லாண்டரியில் கழித்துவிட்டதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மூலையில் இஸ்திரிப்பெட்டி மூக்கு மாதிரியே முக்கோணத் தழும்பு. நல்ல தடித்த துண்டு. எங்கே போயிருக்கும்?

மார்ச் 18, புதன்

சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். தலைக்கு மை அடித்தேன். "யாருக்கு இந்த அலங்காரம்?" என்றார் வீட்டுக்காரர். "சம்மட்டிக்கு. அவன் கூப்பிட்டா இப்படியே போயிடுவேன், வேனை ஒழுங்கா ஓட்டிப் பொழைச்சுக்கோங்க" என்றேன். வழக்கமாகச் சிரிப்பார். இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், ரகசியம் தாங்காத மனுஷன்.

மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள், பரீட்சைக்குப் படிக்க. ஞாயிறுதான் வருவாளாம்.

மார்ச் 20, வெள்ளி

எப்படி எழுதுவது?

பகல் சாப்பாட்டு நேரத்தில் சோடாபுட்டியின் போனைத் துணிமூட்டை மேல் சாய்த்து வைத்து எல்லாரும் சுற்றி நின்றோம். எடை போடுவதை நேரலையில் காட்டுகிறார்கள். சின்னச் சண்டைக்காரர்கள் முதலில். ஒரு பெண் வந்தாள். தலையோடு மூடிய சட்டை, குனிந்த தலை, முகம் சரியாகத் தெரியவில்லை. உதடு மட்டும் தெரிந்தது, வெடித்துத் தோல் உரிந்து. படி ஏறும்போது முழங்கால் நடுங்கியது.

நான்தான் சொன்னேன். என் வாயால். எல்லார் முன்னாலும்.

"இந்தப் பொண்ணா? எழுதி வச்சுக்கோங்க. ரெண்டாவது சுத்து தாங்காது."

எல்லாரும் சிரித்தார்கள். எடை இம்மியளவு கூடுதலாக இருந்தது போல. சட்டையையும் கழற்றி நிற்பதற்காக அவள் முன்னால் ஒருவன் துண்டை விரித்து மறைத்தான். நீலத் துண்டு. மூலையில் முக்கோணத் தழும்பு.

என் தழும்பு. நான் கருக்கினது.

துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கிரீஸ் கறை போகாத நகம். அப்புறம் துண்டு இறங்கியது.

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். "அக்கா... இது உங்க பொண்ணு மாதிரி இல்ல?"

இருக்கு. என் பொண்ணு மாதிரிதான் இருக்கு.

உலகத்தில் உள்ளவன் கன்னத்தையெல்லாம் பார்த்துக் குறி சொன்னேனே, ஒரே தட்டில் சாப்பிட்டவள் கண் முன்னால் காய்ந்தாளே, உப்பை விட்டாள், சோற்றை விட்டாள், ஆவியில் உட்கார்ந்தாள் — எனக்கு எங்கடி போச்சு புத்தி?

சாயங்காலம்

கொழுந்தன் வந்தான். வாசலிலேயே நின்றான். இவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் அண்ணி. ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஜிம்முல. நல்லா வர்றா அண்ணி. சண்டை போட இருந்த ஒரு பொண்ணுக்குக் கால் முறிஞ்சிடுச்சு, திடீர்னு இவளைக் கேட்டாங்க..."

"கம்ப்யூட்டர் வகுப்பு?"

குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"அவசர வேலை?"

"நான்தான் அவ மூலையில நிக்கணும். சுத்து நடுவுல தண்ணி குடுக்க, ரத்தம் துடைக்க. அண்ணி, சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா."

"என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டேடா. போன மாசம்கூட, இந்த நாற்காலியில உக்காந்து, எந்தப் பொண்ணு கை வீச்சு சரியில்லைன்னு என்கிட்ட கேட்ட. அதெல்லாம் அவளுக்குப் போய் சொல்லிக் குடுக்கவா?"

அவன் அழுதான். அழட்டும்.

இவர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். டிக்கெட். சண்டை போடுகிறவர் வீட்டாளுக்கென்று ஒன்றே ஒன்று கொடுத்தார்களாம். இவருக்கு! கூண்டுச்சண்டையைக் கோழிச்சண்டை என்று சொல்லித் தூங்கப் போகிறவருக்கு!

"நீயே போ. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

மனசிருந்தால் முன்னமே கொடுத்திருப்பார். அகப்பட்டதால் கொடுக்கிறார். "எச்சில் டிக்கெட் எனக்கு வேணாம். அவ யாரைக் கூப்பிட்டாளோ அவங்க போங்க."

தலைக்கு மை வேறு அடித்தேன்.

மார்ச் 21, சனி

இவர் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்துதான் துணி துவைக்க உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு சோப்புக் கையோடு டிவியைப் போட்டேன். சத்தத்தை நிறுத்திவிட்டேன். முதல் சண்டையே அவளுடையது.

முதல் சுற்று நன்றாகத்தான் ஆடினாள். நன்றாகவா? அழகாக! எதிராளியின் முன்னங்காலிலேயே உதைத்து உதைத்து உட்கார வைத்தாள். உதைக்கும்போது இடுப்பு திரும்பியது. இதை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் குத்தினதும் இடது கை தொங்கிவிடுகிறது. 'கையைத் தூக்கு, கையைத் தூக்கு' — வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். யாரிடம் கத்துவது? நான் இருக்கிறேன் என்றே தெரியாத இடத்தில்.

இரண்டாவது சுற்றில் கால் போய்விட்டது. ஒரு தள்ளலில் தரையில். அந்தப் பெண் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றினாள். என் மகள் முகம் சிவந்து, கறுத்து...

தோற்றேன் என்று கையால் தட்டுகிறவர்களை 'தட்டுக்கெட்டவன்' என்று எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்!

தட்டுடி. தட்டுடி தங்கம். அம்மா சொல்றேன்ல, தட்டுடி!

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள், என்ன ஆச்சோ என்று.

தட்டினாள்.

டிவியை அணைத்துவிட்டேன். இனி சம்மட்டி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

மார்ச் 22, ஞாயிறு

வந்தாள். ஒரு கண் மூடியிருக்கிறது. கழுத்தில் சிவப்புக் கோடு. துணியில் ஐஸைக் கட்டிக் கண்ணில் வைத்தேன். ஐஸ் கரைந்து என் முழங்கைவரை வழிந்தது.

"ஏண்டி?" என்றேன் கடைசியில்.

"நீ தடுப்பேன்னு இல்லம்மா."

"பின்னே?"

"எடை மேடையில ஒவ்வொருத்தியா பாத்து நீ சொல்லுவியே. இவ தேறுவா, இவ தேறமாட்டான்னு. நீ சொன்னா நடந்துடும். என்னைப் பாத்து நீ ஏதாச்சும் சொல்லிட்டா எனக்குக் கூண்டுக்குள்ள கால் வைக்க வராதும்மா. உன் வாயிலேர்ந்து மட்டும் வரக் கூடாதுன்னுதான்."

ஐஸை மாற்ற எழுந்தேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது.

"எடை போட்டதைப் பாத்தியாமே? சித்தப்பா சொன்னாரு. என்னம்மா சொன்ன?"

"கண்ணை மூடு. தண்ணி உள்ள போயிடும்" என்றேன்.

அவளுடைய காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் வலி போய்விடுமா என்ன? ரெண்டு வருஷம். மூணு பேர். என் வீட்டுல நான் மட்டும் விருந்தாளி.

மார்ச் 24, செவ்வாய்

லாண்டரியில் எல்லாரையும் நிற்க வைத்து, "வெள்ளிக்கிழமை நான் சொன்ன வார்த்தை இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது" என்றேன். சிரிக்காமல் நான் பேசி அவர்கள் பார்த்ததில்லை. சோடாபுட்டி என் கையைப் பிடித்து, "எனக்கு அன்னைக்குக் கண்ணே தெரியல, காதும் கேக்கல" என்றாள். பிறகு மெதுவாக, "அக்கா, சம்மட்டி ஜெயிச்சது தெரியுமா?" என்றாள்.

தெரியாது. அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 29, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். டீ கொடுத்தேன். பேச்சு கொடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மகள் மறுபடி ஜிம்முக்குக் கிளம்புகிறாள். இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்வதில்லை. கொழுந்தன் கூட்டிப்போக வந்து நின்றான். எங்களுக்குள் இன்னும் பேச்சில்லை. பக்கத்து நாற்காலியில் துணி மூட்டையை வைத்திருக்கிறேன், அவன் உட்காராமல் நின்றுகொண்டே டீ குடித்தான்.

"குத்தினதும் இடது கை தொங்குது. உன் சித்தப்பன்கிட்ட சொல்லு" என்றேன் மகளிடம்.

இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறான். "சரின்னு சொல்லும்மா உங்கம்மாகிட்ட" என்றான்.

நீலத் துண்டு திரும்பி வந்திருந்தது, ரத்தக் கறையோடு. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்திருந்தேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டே மகள் கேட்டாள்:

"நீ இன்னும் சொல்லவே இல்லம்மா. அன்னைக்கு என்னைப் பத்தி என்ன சொன்ன?"

துண்டைத் திருப்பிப் போட்டேன்.

"மூணு சுத்தும் நிப்பா, ஜெயிப்பான்னு சொன்னேன்."

"நிஜமாவா?"

"போய் லாண்டரியில கேளு."

"நீ சொன்னது தப்பினதே இல்லியேம்மா."

"வயசாகுதுல்லடி. மூளையும் சுருங்குது, துணி மாதிரி."

சிரித்தாள். அடிபட்ட மஞ்சள் இன்னும் மாறாத கண்ணோடு, பல்லெல்லாம் தெரிய. துண்டை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

அவர்கள் மூன்று பேர் சேர்ந்து ரெண்டு வருஷம் மறைத்தார்கள். நான் ஒற்றை ஆள். எத்தனை சுற்று தாங்குகிறேன், பார்ப்போம்.